பச்சைக் கட்டத் தாள்

தாஸிர்த், கெத்தாமா மலை
12 நவம்பர் 2023

அன்புத் தங்கச்சி யம்னாவுக்கு,

உனக்கு இறைவனின் சாந்தி உண்டாகட்டும். இங்கே நாங்கள் மூவரும் நலம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? ஃபெஸ்ஸில் குளிர் தொடங்கியிருக்கும். பல்கலைக்கழகத்தில் கீழ்த்தளத்து வகுப்பாகக் கேட்டு வாங்கிக்கொள். பேராசிரியைப் பட்டம் அதற்காவது உதவட்டும்.

நலம் என்று எழுதியது பழக்கத்தில் வந்துவிட்டது. நுஹைலா நலமாக இல்லை. வலிப்பு முன்பு வாரத்துக்கு இரண்டு முறை வந்தது, இப்போது நாளுக்கு இரண்டு. நீ அனுப்பிய இரண்டு மருந்தையும் உன் அண்ணி ரஹ்மா வேளை தவறாமல் கொடுக்கிறாள். எட்டு வயதுப் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். போன வாரம் அடுப்பு மேடையில் விழுந்து, புதிதாக முளைத்த முன்பல்லை உடைத்துக்கொண்டாள்.

கேட்க வந்தது இதுதான். மருந்துக்காகக் கிஃப் கஞ்சாவைப் பயிரிடலாம் என்று சட்டம் வந்து இரண்டு வருஷம் தாண்டிவிட்டது. அதிலிருந்து எடுக்கும் எண்ணெய் பிள்ளைகளின் வலிப்பைக் குறைக்கிறது என்று வானொலியில் ஒரு டாக்டர் சொன்னார். அந்தச் செடி நம் கொட்டகையில் கட்டுக்கட்டாகக் காய்ந்து கிடக்கிறது. நானே எண்ணெய் இறக்கிக் கொடுக்கலாமா? எத்தனை சொட்டு?

உரிமம் வாங்கிய கூட்டுறவுச் சங்கம் நம் ஊருக்கும் வந்திருக்கிறது. தலைவர் யார் தெரியுமா? வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்து வீட்டு ஹத்தூ. "வாரண்ட் இருக்கிறவன் சேர முடியாதாம், ரஹ்மா பேர்ல சேரட்டும், பிள்ளைக்கு ஆலையிலேருந்து எண்ணெய் வாங்கித் தர்றேன்" என்று ஆள் அனுப்பினார். அந்த ஆளைத் திருப்பி அனுப்பிவிட்டேன். 2009-இல் போலீசுக்குப் பெயரில்லாக் கடிதம் எழுதித் தெத்துவான் வியாபாரியைப் பிடித்துக் கொடுத்தவர் அவர்தான். வியாபாரி வாயைத் திறந்து எங்கள் பதினொரு பேரைச் சொன்னான். அந்தப் பட்டியலில் ஹத்தூ பெயர் மட்டும் இல்லை. அதற்கு முந்தின மாதம்தான் தண்ணீர் முறைக்காக எனக்கும் அவருக்கும் சண்டை நடந்தது. அன்றிலிருந்து பதினான்கு வருஷமாக நான் மலையைவிட்டு இறங்கவில்லை. என் அடையாள அட்டை காலாவதியாகிவிட்டது. அது இல்லாமல் நுஹைலாவின் பெயர் குடும்பப் பதிவேட்டில் ஏறவில்லை. அரசாங்கத்தின் கணக்கில் என் மகள் பிறக்கவே இல்லை. அந்த மனிதரோடு நான் சங்கம் சேர வேண்டுமாம்.

போலீஸ் ஒட்டுக்கேட்கும் என்பதால் தொலைபேசி வைத்துக்கொள்ளக் கூடாது என்ற எங்கள் கட்டுப்பாடு மாறவில்லை. பதிலை வழக்கம்போல டாக்சிக்காரர் அப்துஸ்ஸலாமிடம் கொடு. அத்திப்பழம் கொஞ்சம் அனுப்பியிருக்கிறேன். உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அண்ணன்,
முஃபத்தல்

•

ஃபெஸ்
20 நவம்பர் 2023

மதிப்புக்குரிய அண்ணனுக்கு,

சலாம். உங்கள் எல்லோருடைய நலத்துக்கும் வேண்டுகிறேன். முழங்கால் பரவாயில்லை. அத்திப்பழத்தை வகுப்புக்கு எடுத்துப் போனேன், ஒன்றுகூட மிஞ்சவில்லை.

உங்கள் கேள்விக்குப் பதில்: கொடுக்காதீர்கள்.

காரணம் சொல்கிறேன். அந்தச் செடியில் பல சத்துகள் இருக்கின்றன. ஒன்று, சில வகை வலிப்புகளில் உண்மையாகவே உதவுகிறது. எல்லா வகையிலும் அல்ல. மயக்கம் தருவது இன்னொன்று. பிள்ளையின் மூளைக்கு அது ஆகாது, வலிப்பைக் கூட்டவும் செய்யலாம். நம் நாட்டு ரகத்தில் எது எவ்வளவு என்று வயலுக்கு வயல் மாறும், மேல்கிளைக்கும் கீழ்க்கிளைக்கும் மாறும். சட்டியில் இறக்கும் எண்ணெயில் சொட்டுக்கு என்ன இருக்கிறது என்று உங்களாலும் சொல்ல முடியாது, என்னாலும் முடியாது. இப்போது கொடுக்கும் மருந்தோடு சேர்ந்தால் ஈரல் கெடலாம்.

இதைப் பற்றி அபிப்பிராயம் சொல்ல ஒரு குழு அமைத்திருக்கிறார்கள். நானும் அதில் இருக்கிறேன். பன்னிரண்டு பேரில் ஆறு பேருக்கு இது அமுதம், ஐந்து பேருக்கு நஞ்சு. அளவு என்ன, ஆதாரம் என்ன என்று கேட்டு இரு பக்கத்துக்கும் எரிச்சல் மூட்டுகிறவள் நான் ஒருத்தி. பிள்ளையை இங்கே அழைத்து வரச் சொல்லுங்கள். குழந்தை நரம்பியல் டாக்டரிடம் பேசிவைக்கிறேன்.

இன்னொன்று. ஹத்தூ மாமாதான் எழுதினார் என்று உங்களுக்கு நிச்சயமாகத் தெரியுமா? அது போகட்டும். நுஹைலாவுக்கு என் முத்தங்கள். அண்ணிக்கு என் சலாம்.

யம்னா

•

தாஸிர்த்
14 ஜனவரி 2024

தங்கச்சி யம்னாவுக்கு,

நீ நலம்தானே? இங்கே பனி. பாதை எட்டு நாள் மூடிக் கிடந்தது, உன் கடிதம் தாமதமாகத்தான் வந்தது. நாங்கள் பார்லி ரொட்டியும் மொச்சைக் கூழுமாக அடுப்பைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறோம்.

உன் கடிதத்தை ரஹ்மாவுக்கு உரக்கப் படித்தேன். அவள் கேட்டாள், "ஆக மொத்தம் உங்க தங்கச்சி என்னதான் சொல்றா? மருந்தா, விஷமா?"

"ரெண்டும்ங்கிறா."

"இதுக்கா இருபது வருஷம் படிச்சா?"

கோபித்துக்கொள்ளாதே. அவள் பயத்தில் பேசுகிறாள். ஆனால் என் மனதிலும் ஒன்று இருக்கிறது. நீ படித்த படிப்புக்கு ரொட்டியும் வாடகையும் இந்த வயலிலிருந்துதான் வந்தன. அப்போது இது உனக்கு விஷமாக இருந்தது. விடுமுறைக்கு வந்தால் கொட்டகைப் பக்கம் மூக்கைப் பொத்திக்கொண்டு போவாய். இப்போது சூட்டுப் போட்டவர்கள் மருந்து என்கிறார்கள், நீ ஆதாரம் கேட்கிறாய். நானோ இன்னும் திருடன். முடிவெட்டும் கடையில் நேற்று ஒருவர் சொன்னார், "நேத்து வரைக்கும் திருட்டுப் பயிரு, இன்னைக்கு மருந்துப் பயிரு. செடி மாறல, சட்டைதான் மாறிருக்கு." எல்லோரும் சிரித்தோம். வாரண்ட் உள்ள மூன்று பேர் சிரிக்கவில்லை. அதில் நான் ஒருவன்.

ஃபெஸ்ஸுக்கு அழைத்து வரச் சொல்கிறாய். காப்பீட்டு அட்டை இல்லை, பதிவேட்டில் பெயர் இல்லை. வாசலில் "யார் பிள்ளை?" என்று கேட்டால் ரஹ்மா என்ன சொல்வாள்? அவளுக்குத் தனியாகப் போகவும் பயம். வழியில் வலிப்பு வந்தால்?

ஹத்தூதானா என்று கேட்டாய். வேறு யார்? வியாபாரி வரும் நாளும் வண்டி எண்ணும் தெரிந்தவர்கள் நம் வீட்டாரும் வாய்க்காலுக்கு அப்பால் இருந்தவரும்தான்.

எண்ணெய் இறக்கவில்லை. உன் பேச்சைக் கேட்டுக்கொண்டேன். நேற்று நான்கு முறை வந்தது. நான்காவதில் என் கையைக் கடித்துவிட்டாள். பிறகு கண்ணைத் திறந்து, "வாப்பா, நான் எங்க போயிட்டு வந்தேன்?" என்று கேட்டாள். உன்னிடம் இதற்குப் பதில் இருந்தால் எழுது.

முழங்காலுக்குச் சூடான ஆலிவ் எண்ணெய் தேய்.

அண்ணன் முஃபத்தல்

•

ஃபெஸ்
3 மார்ச் 2024

மதிப்புக்குரிய அண்ணனுக்கு,

சலாம். நலமா? இவ்வளவு தாமதமாக எழுதுவதற்குத் தேர்வுத்தாள், குழுக் கூட்டம் என்று காரணம் எழுதலாம். அவையும் இருந்தன. ஆனால் நான்கு முறை எழுதத் தொடங்கி நான்கு முறையும் கிழித்தேன்.

நீங்கள் சொன்னது சரி. நான் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் நடந்தேன்.

குழுவில் போன வாரம் ஒரு தாய் வந்து பேசினாள். காஸாபிளாங்காக்காரி. தன் மகனுக்கு வெளிநாட்டிலிருந்து எண்ணெய் வரவழைத்துக் கொடுக்கிறாள். வலிப்பு பாதியாகக் குறைந்ததாம். நான் வழக்கம்போல, "எத்தனை நாள் எண்ணிப் பார்த்தீர்கள், யார் எண்ணியது?" என்று கேட்டேன். அவள் என்னைப் பார்த்துச் சொன்னாள், "நான்தாம்மா எண்ணினேன். ஆறு வருஷமா வேற என்ன வேலை எனக்கு?" நான் குறிப்புத் தாளை மடித்து வைத்துவிட்டேன்.

அளவிட்ட, போதைச் சத்து நீக்கிய எண்ணெயாக இருந்தால், ஈரல் பரிசோதனை செய்துவிட்டு, டாக்டர் கண்காணிப்பில் முயன்று பார்க்கலாம் என்று இப்போது நினைக்கிறேன். உங்கள் சங்கத்தோடு ஒப்பந்தம் போட்ட ஆலையின் சான்றிதழைப் பார்த்தேன், ஒழுங்காக இருக்கிறது. ஹத்தூ மாமா கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள். பயன்படுத்துமுன் எனக்கு எழுதுங்கள்.

அவர்மேல் உங்களுக்குள்ள கோபத்தைப் பற்றி எழுத வேண்டும் என்றிருந்தேன். இன்னொரு கடிதத்தில் எழுதுகிறேன். ரமலான் நெருங்கிவிட்டது. அண்ணிக்கு முதுகுவலி குறைந்ததா?

யம்னா

•

தாஸிர்த்
18 ஏப்ரல் 2024

தங்கச்சி யம்னாவுக்கு,

பெருநாள் வாழ்த்து. இறைவன் உன் நோன்பை ஏற்கட்டும். விதைப்பு முடிந்தது. ரஹ்மாவின் முதுகு அப்படியேதான் இருக்கிறது.

பெருநாள் அன்று ஹத்தூ வாய்க்காலைத் தாண்டி வந்தார். பதினான்கு வருஷத்தில் முதல் தடவை. கையில் ஒரு சிறு பாட்டில். எழுபத்திரண்டு வயதாகிறது, வாசலில் நின்று மூச்சு வாங்கினார். உள்ளே வாருங்கள் என்று நான் சொல்லவில்லை.

"பிள்ளைக்குப்பா. சீல் உடைக்கல. காகிதமும் இருக்கு, உன் தங்கச்சிகிட்ட காட்டு."

"கடுதாசி எழுதுறதுல உங்களுக்குத்தான் நல்ல பழக்கமாச்சே. இதையும் எழுதிப் போலீசுக்கே அனுப்பிடுங்க."

அவர் முகம் மாறவில்லை. "அனுப்புறேன். முதல்ல பிள்ளைக்குக் கொடு" என்றார்.

"எடுத்துக்கிட்டுப் போங்க."

பாட்டிலை வாசற்கல்லில் வைத்துவிட்டுப் போனார். நான் அதை எடுத்து வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்துச் சுவர்மேல் வைத்துவிட்டு வந்தேன். அன்றிலிருந்து ரஹ்மா எனக்குச் சோறு போடுகிறாள், பேசுவதில்லை. நீ வாங்கிக்கொள்ளச் சொல்லித்தான் எழுதியிருந்தாய். கை நீளவில்லை யம்னா. அம்மா இறந்தபோது கபர்த்தோட்டத்தில் போலீஸ் நிற்கும் என்று பயந்து, அவளை மண்ணில் வைக்க நான் போகவில்லை. அதை யார் கணக்கில் எழுதுவது?

நீயே எங்கிருந்தாவது வாங்கி அனுப்ப முடியாதா?

அண்ணன்

•

ஃபெஸ்
29 ஏப்ரல் 2024

மதிப்புக்குரிய அண்ணனுக்கு,

சலாம். உங்களுக்கும் வாழ்த்து.

நீங்கள் செய்தது தவறு. அந்தப் பாட்டிலை வாங்குங்கள். நான் அனுப்பினாலும் அதே ஆலையின் எண்ணெய்தான். யார் கையால் வந்தது என்பது மருந்துக்குத் தெரியாது.

ஹத்தூ மாமா அந்தக் கடிதத்தை எழுதவில்லை என்று நான் நினைக்கிறேன். காரணம் கேட்காதீர்கள்.

நுஹைலாவுக்குச் சிவப்புக் கம்பளிச் சட்டை அனுப்பியிருக்கிறேன். உங்கள் கையிலிருந்த கடிகாயம் முழுதாக ஆறிவிட்டதா?

யம்னா

•

தாஸிர்த்
9 ஜூன் 2024

தங்கச்சி யம்னாவுக்கு,

இறைவனுக்கே புகழ். ரஹ்மாவும் பிள்ளையும் முந்தாநாள் ஃபெஸ்ஸிலிருந்து வீடு வந்து சேர்ந்தார்கள். நீ அங்கே செய்ததையெல்லாம் ரஹ்மா சொன்னாள். மருத்துவமனை நாற்காலியில் மூன்று நாள் உட்கார்ந்திருந்தாயாம். முழங்கால் வீங்கியிருக்குமே?

அன்று வலிப்பு வந்து நிற்கவே இல்லை. முக்கால் மணி நேரம். உதடு நீலமாகிவிட்டது. நான் அவளைத் தூக்கிக்கொண்டு பாதை வரைக்கும் ஓடினேன். பாதையில் வந்ததும் கால் நின்றுவிட்டது. எந்தத் திருப்பத்தில் போலீஸ் நிற்கும் என்று பதினான்கு வருஷமாகக் கணக்குப் போட்ட கால். அப்போது ஹத்தூ தன் வண்டியை எடுத்துக்கொண்டு வந்தார். என்னைப் பார்க்கவில்லை. "ரஹ்மா, ஏறு" என்றார். பிள்ளையை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

நுஹைலா கதை கதையாகச் சொல்கிறாள். மருத்துவமனையில் அவர் தன் பேத்தி இக்ராமின் அட்டையைக் கொடுத்துவிட்டாராம்.

"எம் பேரு இக்ராம் இல்ல, நுஹைலா."

"மூணு நாளைக்கு நீ இக்ராம். மிட்டாய் வாங்கித் தர்றேன்."

"ரெண்டு மிட்டாய்."

"சரி, ரெண்டு."

"அப்ப உண்மையான இக்ராமுக்கு?"

"அவளுக்கு ஒண்ணும் கிடையாது. அவ நல்லா இருக்காளே."

நர்ஸிடம் இந்தக் கதையையும் சொல்லிவிட்டாளாம். நர்ஸ் காதில் விழாததுபோல் போய்விட்டாளாம். அவளுக்கு இறைவன் நல்லதைச் செய்யட்டும்.

எண்ணெய் நடக்கிறது. ஹத்தூ ரஹ்மாவிடம் கொடுத்த பாட்டிலை நீ கொடுத்ததாக வைத்துக்கொள்கிறேன். நன்றி சொல்லப் போக வேண்டும் என்று ரஹ்மா நச்சரிக்கிறாள். போனால் அந்தக் கடிதத்தை மன்னித்ததாகிவிடும். அது என்னால் ஆகவில்லை. நீயும் ஹத்தூவும் மருத்துவமனைத் தாழ்வாரத்தில் வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தீர்களாம், நீ அழுதாயாம். ரஹ்மா சொன்னாள். நீ அழுது நான் பார்த்ததில்லை. என்ன சொன்னார் அவர்?

தியாகப் பெருநாளைக்கு ஆடு பிடித்திருக்கிறேன். உன் பங்கை உப்புப் போட்டுக் காயவைத்து அனுப்புகிறேன்.

அண்ணன் முஃபத்தல்

•

ஃபெஸ்
25 ஜூன் 2024

மதிப்புக்குரிய அண்ணனுக்கு,

சலாம். இறைச்சி வந்து சேர்ந்தது. முழங்கால் பரவாயில்லை.

காலை மூன்று சொட்டு, மாலை மூன்று சொட்டு. இரண்டு வாரம் கழித்து நான்கு. சாப்பாட்டுக்குப் பிறகு, ஒரே நேரத்தில். பழைய சிரப்பை நிறுத்தக் கூடாது. அதிகம் தூங்கினாலோ, கண் மஞ்சளாக இருந்தாலோ உடனே தகவல் சொல்லுங்கள். வலிப்பு வரும் நாள், நேரம், எத்தனை நிமிடம் என்று அண்ணியை எழுதிவைக்கச் சொல்லுங்கள். அற்புதம் எதையும் எதிர்பார்க்காதீர்கள். குறைந்தால் குறையும், அவ்வளவுதான்.

ஹத்தூ மாமாவோடு பொதுவாகத்தான் பேசினேன். ஊர் விஷயம். நன்றி சொல்லப் போங்கள், அண்ணா. தயவுசெய்து இந்த வாரமே போங்கள்.

யம்னா

•

தாஸிர்த்
10 ஜூலை 2024

தங்கச்சி யம்னாவுக்கு,

நீ நலமாக இருக்க வேண்டும். ரஹ்மா எழுதி வைத்ததன்படி போன வாரம் மொத்தம் ஐந்து. நாளுக்கு நான்கு வந்த பிள்ளைக்கு வாரத்துக்கு ஐந்து. நீ அற்புதம் என்று சொல்லமாட்டாய். நானும் சொல்லவில்லை.

ஹத்தூ வெள்ளிக்கிழமை இறந்துவிட்டார். வயலில் ஆண்செடி பிடுங்கிக்கொண்டிருந்தவர் வாய்க்கால் கரையில் உட்கார்ந்தாராம். தண்ணீர் கேட்டாராம். கொண்டு வருவதற்குள் முடிந்துவிட்டது.

நான் ஜனாஸா ஊர்வலத்துக்குப் போகவில்லை. ஊரில் ஆண் என்று இருப்பவன் எல்லாம் தோள் கொடுத்தான். எங்கள் பதினொரு பேரில் மிச்சமிருக்கும் ஏழு பேரில் ஆறு பேர் போனார்கள். நான் மொட்டைமாடியில் நின்று பார்த்தேன். கபர்த்தோட்டம் அங்கிருந்து நன்றாகத் தெரியும். நுஹைலா கேட்டாள், "வாப்பா, மிட்டாய் தாத்தாவைத் தூக்க நீங்க ஏன் போகல?"

உன்னிடம் ஒன்று கேட்கிறேன். அவர் எழுதவில்லை என்று நினைக்கிறேன், காரணம் கேட்காதீர்கள் என்றாய். இப்போது கேட்கிறேன்.

அண்ணன்

•

ஃபெஸ்
16 ஜூலை 2024

அண்ணனுக்கு,

இந்தக் கடிதத்தில் நலம் விசாரிக்க எனக்கு உரிமை இல்லை.

2009 செப்டம்பரில் போலீசுக்கு அந்தக் கடிதத்தை எழுதியவள் நான்.

உங்கள் பெயரை எழுதவில்லை. வியாபாரியின் பெயர், வண்டி எண், வரும் நாள், இவ்வளவுதான். அவன் வரவில்லையென்றால் நீங்கள் சாகுபடியை விட்டு ஃபெஸ்ஸுக்கு வருவீர்கள், எங்கள் ஆய்வகத்தில் காவல் வேலைக்குச் சொல்லிவைக்கலாம், எல்லாம் உங்கள் நன்மைக்கே என்று நினைத்தேன். பதினைந்து வருஷமாக எனக்கு நானே சொல்லிவந்தது இதுதான். முழு உண்மை இதுவல்ல. அந்த மாதம்தான் எனக்கு வேலை நியமனம் ஆனது. முதல் நாள் துறைத்தலைவர் எல்லோர் முன்னாலும், "கெத்தாமாக்காரியா? அப்ப நம்ம துறைக்குச் சரக்குப் பஞ்சமில்ல" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். அன்று மாலையே எழுதினேன். பிடிபட்டவன் உங்கள் பெயரைச் சொல்வான் என்பதை யோசிக்காத அளவுக்கு எனக்கு அவமானம் பெரிதாக இருந்தது.

மருத்துவமனையில் ஹத்தூ மாமா சொன்னதை அப்படியே எழுதுகிறேன். தாழ்வாரத்துப் பெஞ்சில் நான் அவருக்கு நன்றி சொன்னேன். அவர் என் பையிலிருந்த குறிப்புத் தாளைப் பார்த்தார்.

"இன்னும் இதே பச்சைக் கட்டம் போட்ட தாள்தானாம்மா?"

எனக்குப் புரியவில்லை.

"என்னையும் கூப்பிட்டு விசாரிச்சாங்கல்ல, அப்ப போலீஸ்காரன் மேசையில அந்தக் கடுதாசி கிடந்துச்சு. நான் படிக்கவே வேண்டியிருக்கல. நீ அம்மாவுக்கு மாசாமாசம் எழுதுவியே, அதே தாள், அதே கையெழுத்து. முஃபத்தல் படிச்சா பாதியை முழுங்கிடுவான்னு உங்கம்மா என்னையில்ல படிக்கச் சொல்லும்?"

"மாமா, நீங்க ஏன் யார்கிட்டயும் சொல்லல?"

"யாருகிட்ட சொல்ல? அவன்கிட்டயா? அவனுக்கு அப்ப ரோடும் போச்சு, டவுனும் போச்சு. மிச்சம் இருந்தது உன் கடுதாசி ஒண்ணுதான். அதையும் நான் புடுங்கணுமா?"

"அந்தப் பதினொரு வீட்டுலயும் உங்களுக்குச் சலாம் சொல்றதில்லையே."

"சொல்லலைன்னா என்ன? என் பெண்டாட்டி சொல்றா." சிரித்தார். பிறகு சொன்னார், "ஆனா நீயே அவன்கிட்டச் சொல்லிடும்மா. நான் இருக்கையிலேயே சொல்லிடு. ஒரு கிளாஸ் தேத்தண்ணியாவது அவனோட சேர்ந்து குடிச்சுக்கிறேன்."

சொல்கிறேன் என்று அவருக்கு வாக்குக் கொடுத்தேன். அது ஜூன் மூன்றாம் தேதி. உங்கள் கடிதம் என் கையில் இருந்தது, என்ன சொன்னார் அவர் என்று கேட்டிருந்தீர்கள். நான் சொட்டுக் கணக்கு எழுதினேன். அளவு தெரியாமல் எதையும் கொடுக்கக் கூடாது என்று மாணவர்களுக்குச் சொல்கிறவள், உண்மையையும் அப்படியே கையில் வைத்துக்கொண்டு அளவு பார்த்துக்கொண்டிருந்தேன். பெருநாள் போகட்டும், பிள்ளை தேறட்டும், உங்கள் கோபம் குறையட்டும் என்று.

அம்மாவை அடக்கம் செய்ய நீங்கள் போக முடியாமல் போனதை என் கணக்கில் எழுதுங்கள். அவருடைய ஜனாஸாவையும்.

நுஹைலாவுக்கு நான்கு சொட்டைத் தாண்ட வேண்டாம்.

யம்னா

•

ஃபெஸ்
24 ஆகஸ்ட் 2024

அண்ணனுக்கு,

சலாம். வானொலியில் கேட்டிருப்பீர்கள். கிஃப் சாகுபடி வழக்கில் தேடப்படுகிறவர்களுக்குப் பொதுமன்னிப்பு வந்திருக்கிறது. ஒரு வழக்கறிஞரிடம் விசாரித்தேன். உங்கள் பெயரும் பட்டியலில் இருக்கிறது. நீங்கள் இறங்கி வரலாம்.

நான்கு முறை டாக்சி நிலையத்துக்குப் போனேன். எனக்கு எதுவும் வரவில்லை என்று அப்துஸ்ஸலாம் சொல்கிறார். பிள்ளை எப்படி இருக்கிறாள் என்று மட்டும் அவரிடம் வாய்மொழியாகவாவது சொல்லி அனுப்புங்கள். அண்ணிக்குச் சலாம்.

யம்னா

•

தாஸிர்த்
20 அக்டோபர் 2024

யம்னாவுக்கு,

சலாம். உன் முழங்காலைப் பற்றிக் கேட்கச் சொல்லி ரஹ்மா சொன்னாள்.

மலையிலிருந்து இறங்கினேன். போன மாதம், அப்துஸ்ஸலாமின் வண்டியில், முன்னிருக்கையில். போலீஸ் நின்ற திருப்பத்தில் என் கை தானாகக் கதவுப் பிடிக்குப் போனது. அவர்கள் எங்களைப் பார்க்கக்கூட இல்லை. அடையாள அட்டை அலுவலகத்தில் இருந்த பெண், "பதினஞ்சு வருஷமா எங்கங்க இருந்தீங்க?" என்றாள். "வீட்ல" என்றேன். நுஹைலாவைப் பதிவு செய்ய நீதிமன்றத்துக்குப் போக வேண்டியிருந்தது. உன் பெயர் என்ன என்று நீதிபதி கேட்டார். "நுஹைலா. மூணு நாள் மட்டும் இக்ராமா இருந்தேன்" என்றாள். ரஹ்மா அவள் வாயைப் பொத்தினாள். நீதிபதி சிரித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

உன் ஜூலைக் கடிதத்தை நான் மூன்று முறை படித்தேன். ரஹ்மாவுக்கு ஒரு முறை உரக்கப் படித்தேன். பாதியை முழுங்கவில்லை.

அதன் பிறகு வாய்க்காலைத் தாண்டி ஹத்தூவின் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி தாமுவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அந்த அம்மாவுக்கு முன்பே தெரிந்திருக்கிறது. பாய் விரித்து, தட்டில் இரண்டு கிளாஸ் வைத்துத் தேநீர் ஊற்றினாள். ஒன்றை என்னிடம் நீட்டினாள். இன்னொன்றை அவள் எடுக்கவில்லை. நான் இருந்த வரைக்கும் அது தட்டிலேயே ஆறிக்கொண்டிருந்தது. எங்கள் இரண்டு வாசலுக்கும் நடுவில் இருபத்தாறு காலடிதான், யம்னா. வரும்போது எண்ணினேன்.

நீ மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்காமல் இருந்தது நல்லது. அரசாங்கம் பட்டியல் போட்டு மன்னிக்கிறது. எனக்கு அப்படி ஒரே நாளில் வரவில்லை. ஹத்தூவின் இடத்தில் சங்கத்துக்கு என்னைத் தலைவராக இருக்கச் சொல்கிறார்கள். அந்த நாற்காலியில் இன்னும் உட்காரவில்லை.

நுஹைலாவுக்கு வாரத்துக்கு மூன்றுதான் வருகிறது. பள்ளிக்கூடத்தில் சேர்த்துக்கொண்டார்கள். இருபத்து மூன்று கிலோ இருந்தவள் இருபத்தாறு ஆகிவிட்டாள். பழைய கணக்கு போதாது என்று ரஹ்மா சொல்கிறாள். எத்தனை சொட்டு?

பதிலை வேறு தாளில் எழுது. பச்சைக் கட்டம் தெரிந்தால் ரஹ்மா பிரிக்காமலே எடுத்து வைத்துவிடுகிறாள். நானும் பிரிப்பதில்லை.

முஃபத்தல்